கீபோர்டுக்குப் பையா, பெட்டியா?

போன வருடம் நிலாவெளிக்கு ஒரு கோவில் கச்சேரிக்குப் பஸ்ஸில் போனேன். மென்பையில் இருந்த கீபோர்டின் மேல் யாரோ அரிசி மூட்டையை வைத்துவிட்டார்கள். இறங்கித் திறந்து பார்த்தால் நடுவில் ஒரு கட்டை அமுங்கியபடியே கிடந்தது. விரலால் நெம்பியும் எழும்பவில்லை. அன்றிரவு முழுக்க அந்தச் சுரத்தைத் தவிர்த்துத்தான் வாசித்தேன். மனம் விட்டுப்போயிற்று.

அப்புறம் ஹார்ட் கேஸ் வாங்கினேன். கீபோர்டை விடப் பெட்டிதான் பாரம். ஓட்டோவில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். கோணேசர் கோவில் ஏற்றத்தில் தூக்கிப் பாருங்கள், தெரியும்! கடற்காற்றில் கொண்டிகள் சீக்கிரமே துருப்பிடித்துவிட்டன. இப்போது தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன்.

பெட்டிக்குள் இடைவெளி இருந்தால் கருவி ஆடி அடிபடும். அதனால் பழைய சாரத்தைச் சுருட்டி மூலைகளில் செருகுகிறேன்.

சரி, எதை எடுப்பது? திருகோணமலைக்குள் என்றால் தடித்த ஃபோம் வைத்த பையே போதும், முதுகிலேயே இருக்கும். கொழும்புக்கு இரவு ரயிலென்றால் பெட்டிதான். கருவி என் கையை விட்டுப் போகிற பயணம் எதற்கும் இனி மென்பை எடுக்க மாட்டேன்.