புதன்கிழமை சாயங்காலம் யாராவது கூட்டம் வைப்பார்களா?

கறுப்பினத் தன்னார்வலர்களைச் சேர்க்க நூலக அறையில் நாற்பது நாற்காலி போட்டேன். வந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் கணினிக்குக் காத்திருந்தவர், பிஸ்கட்டைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார்.

அமெரிக்காவில் அட்லாண்டா பக்கம் காசா (CASA, பிள்ளைக்காகப் பேச நீதிமன்றம் நியமிக்கும் ஆள்) தன்னார்வலராக எனக்கு இது நான்காவது வருடம். 1977-இல் சியாட்டில் நீதிபதி டேவிட் சூகப் தொடங்கிய ஏற்பாடு. ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து பிரித்து அரசுப் பொறுப்பில், இருக்கும் பிள்ளையைப் போய்ப் பார்த்து, நீதிபதிக்கு அறிக்கை கொடுப்போம். நாட்டில் உள்ள பிள்ளைகளில் கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 14 சதவீதம், ஃபாஸ்டர் கேரில் 20-க்கும் மேல். எங்கள் தன்னார்வலர்களிலோ பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள், நடுவே என்னைப் போல ஒன்றிரண்டு பேர். என் பொறுப்பில் இருந்த பையன் ஒரு நாள், தன் முடியை ஒழுங்காக வெட்டத் தெரிந்த கடை எங்கே என்று கேட்டான். முழித்தேன். அந்த வாரமே, கறுப்பினத் தன்னார்வலர்களைச் சேர்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் ஏன் படுத்தது என்று சொன்னவர் பக்கத்துச் சர்ச்சின் செயலாளர் அம்மா. "புதன்கிழமை சாயங்காலமா? எல்லாரும் பைபிள் வகுப்பில் இருப்பார்களே, பேபி!" என்று சிரித்தார். (என் வயது 46.) ஞாயிறு ஆராதனை முடிவில் இரண்டு நிமிடம் வாங்கிக் கொடுத்தார். என் துண்டறிக்கையில் 'நீதிமன்றம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவர், "நானாகவே அங்கே போய் நிற்க வேண்டுமா?" என்றார். அடுத்த அச்சில் அந்த வார்த்தை கீழே, சின்னதாகப் போனது. பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவந்து வளர்க்க வேண்டியதில்லை, மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தால் போதும் என்பதை மேலே ஏற்றினேன்.

பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். விண்ணப்பம் வந்ததும் ஐந்தானது. 'கைதானதுண்டா?' என்ற கேள்வியைப் படித்ததும் ஒருவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தப்பு என்னுடையது. பிள்ளைகளைத் துன்புறுத்திய வழக்கு, பாலியல் குற்றம் இருந்தால் சேர்க்கவே மாட்டார்கள். மற்ற பழைய வழக்குகளை விசாரித்துத்தான் முடிவு செய்வார்கள், மறைத்தால்தான் வம்பு. இதைத் தாளை நீட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம், பழைய வழக்கு உண்டா என்று சரிபார்க்கக் கைரேகை. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவுக்கு ரேகையே தேய்ந்துபோயிருந்தது. இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் நிராகரிப்பு. மையத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "மறுபடி வாங்க" என்றார். மூன்றாவது தடவையும் நாற்பது மைல் ஓட்டிப் போனோம். அன்றைக்கு வேறொரு பெண், "இரண்டு நிராகரிப்பு ஆகிவிட்டால் எஃப்.பி.ஐ.யிடம் பெயரை வைத்தே சரிபார்க்கக் கேட்கலாமே" என்றார். இதை முதல் ஆள் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த அம்மாவோ முதல் நிராகரிப்புக் கடிதத்தைக் குப்பையில் போட்டிருந்தார். அதன் நகலுக்கு இன்னொரு நடை. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள், ஒரு வாரம் முன்பிருந்தே விரல்களுக்கு லோஷன் தடவச் சொல்லுங்கள். எந்தக் கடிதத்தையும் தூக்கிப் போட விடாதீர்கள்.

முப்பது மணி நேரப் பயிற்சி பிரச்சினை இல்லாமல் முடிந்தது. போன வாரம் நான்கு பேர் நீதிபதி முன் உறுதிமொழி எடுத்தார்கள். அந்த அம்மா சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு வந்திருந்தார்.

தாளை மடித்துக்கொண்டு போனவரைத் தேடிப் போனேன். முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். பழைய வழக்கின் தீர்ப்பு நகலுக்கு இப்போது மனுப் போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை கடை விடுமுறை, அடுத்த கூட்டத்தை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆறு நாற்காலிதான் இருக்கிறது. மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான்.