ஏத்தத்தில் மட்டும் மிஸ் அடித்த வண்டி

டீசல் பிக்கப் மிஸ் அடிக்கிறது, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் உதறுகிறது என்றால் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் முதலில் கை போவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குத்தான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் ஒரு இன்ஜெக்டர் என்ன விலை விற்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, நான்கையும் மாற்றச் சொன்னால் ஒரு லோடு வண்டிக்காரர் வீட்டில் என்ன நடக்கும் என்றும் தெரியும். மாற்றச் சொல்வதற்கு முன்னால் அது கெட்டிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது மெக்கானிக்கின் கடமை. இதில் நான் பிடிவாதக்காரன்.

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு ஓடும் வண்டி அது. மேலே போகும்போது உர மூட்டை, சிமென்ட். இறங்கும்போது முட்டைக்கோஸ், தக்காளி. ஓட்டுகிற தம்பிதான் உரிமையாளர், தவணை இன்னும் முடியவில்லை. வேறோர் இடத்தில் நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டது என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"பண்ணாரி தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சாப் போதுங்ணா, வண்டி ஒதறுது. இஞ்சின் லைட்டும் எரியுது. ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிருது. எறங்கி வரும்போது ஒண்ணுமே இல்லீங்க."

"காத்தால முதல் ஸ்டார்ட்ல வெள்ளைப்புகை வருதுங்களா தம்பி?"

"இல்லீங்ணா."

அந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்தது. சிலிண்டருக்குள் காற்று இறுகும் கம்ப்ரஷன் குறைந்திருந்தாலோ, இன்ஜெக்டரின் முனையான நாசில் ஒழுகினாலோ காலைக் குளிரில் காட்டிக் கொடுத்துவிடும். எரியாத டீசல் வாடையோடு வெள்ளைப்புகை தள்ளும். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் காப்பர் வாஷர் போயிருந்தால் சுக் சுக் என்று காற்று அடிக்கும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கரி கட்டும். இங்கே அது எதுவுமில்லை.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. 2022-லிருந்து நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. வளைவில் ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் நிற்கும். அதனால் 'ஓட்டிப் பாருங்க, மறுபடி வந்தா வாங்க' என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் பி0203 என்ற குறியீடு வந்தது. இந்த இடத்தில்தான் பலரும் கடைசியில் இருக்கும் 3 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'மூணாவது இன்ஜெக்டர் அவுட்' என்கிறார்கள். பி0303 என்றிருந்தால் மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், காரணம் எதுவாகவும் இருக்கலாம். பி0203 சொல்வது வேறு: மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் மின்சுற்றில் கோளாறு. அந்தச் சுற்றில் இன்ஜெக்டரைத் திறக்கும் கம்பிச்சுருளான காயிலும் உண்டு, வயரும் உண்டு, கனெக்டரும் உண்டு. எது என்று ஸ்கேனர் சொல்லாது.

பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜெக்டருக்கு டீசல் வரும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்போம். காமன் ரெயிலில் அதை யாரும் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே சில நூறு பார் அழுத்தம், ஏற்றத்தில் ஆயிரத்தைத் தாண்டும். அந்த டீசல் கையில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டி வரும். வேலை பழக வரும் பையன்களுக்கு ஸ்பேனரைக் கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுவேன்.

சாவியை எடுத்துவிட்டு நான்கு காயிலின் ஓம்ஸையும் அளந்தேன். நான்கும் ஒரு ஓம்ஸுக்குக் கீழே, ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. இன்ஜெக்டரிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாய்களை நான்கு பாட்டில்களில் விட்டு ஓட்டிப் பார்த்ததில் டீசல் ஒரே மட்டத்தில் நின்றது. சரி, இன்ஜெக்டர் மேல் பழி இல்லை.

அப்புறம் ஏன் ஏற்றத்தில் மட்டும்? லோடோடு ஏறும்போது இஞ்சின் முறுக்கத்தில் ஒரு பக்கமாகச் சாயும். அதைப் பட்டறையிலேயே பார்க்கலாம். சக்கரத்துக்கு நாலு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் கிளட்சைப் பாதி விடச் சொன்னேன். எதிரே யாரும் நிற்கவில்லை. இஞ்சின் சாய்ந்த சாய்வு சரியாகப்படவில்லை. மறுபடி விடச் சொன்னதும் உதறல் வந்தது, லைட்டும் எரிந்தது.

இஞ்சினைத் தாங்கும் ஒரு பக்க மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. இஞ்சினுக்குப் பின்னால் வயரிங்கைப் பிடித்திருக்கும் கிளிப்பும் உடைந்து, வயர் கட்டு ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் கிடந்து உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்லீவைக் கீறிப் பார்த்தால் ஒரு வயரின் தோல் தேய்ந்து, செம்பு பச்சை பூத்து, சில இழைகள் மட்டும் பாக்கி. இஞ்சின் சாயும்போது அது இழுபட்டு விட்டுப்போகிறது. உடனே கம்ப்யூட்டர் அந்த இன்ஜெக்டரை நிறுத்திவிடுகிறது, சாவியைத் திருப்பி ஆஃப் செய்யும் வரை திரும்ப விடுவதில்லை. தம்பி சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

முறுக்கி டேப் சுற்றுகிற வேலை இஞ்சின் சூட்டிலும் ஆயிலிலும் நிற்காது. கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, அதே தடிமன் வயர் வைத்து, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றினேன். இன்ஜெக்டர் வயர்கள் இரண்டும் ஒன்றையொன்று பின்னி வரும், அந்தப் பின்னலையும் அப்படியே வைத்தேன். புது கிளிப் போட்டேன். மவுண்டிங்கையும் மாற்றினேன். அதை விட்டிருந்தால் புது வயரும் அதே பிராக்கெட்டில் போய்த்தான் உரசும்.

உர மூட்டை ஏற்றிய நாளில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு நானும் திம்பம் வரை போனேன். ஒரு கோளாறுக் குறியீடும் வரவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும், "எதுக்கும் இன்ஜெக்டரை ஒருக்கா சர்வீஸ் பண்ணிறலாங்களாண்ணா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றச் சொன்னேன், அதன் அடியில் சேரும் தண்ணீரை எப்படித் திறந்துவிடுவது என்று அவர் கையாலேயே செய்ய வைத்துக் காட்டினேன்.