ஜஸ்ட் நவ்

சைட்டில் பைப் விழுந்த விபத்தைப் பற்றித் தம்பி எழுதிய அறிக்கையில் ஒரு வரி: "ஜஸ்ட் நவ் ஐ டெல் சூப்பர்வைசர் ஆல்ரெடி, ஸ்காஃபோல்டு ஷேக்கிங்." ஆங்கிலத்தைக் கொஞ்சம் சரிபார்த்துக் கொடு என்று அந்தத் தாள் என்னிடம் வந்தது. டெல்லை டோல்டு ஆக்கினேன், முன்னால் ஹேட் போட்டேன், ஜஸ்ட்டை இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். "ஐ ஹேட் ஜஸ்ட் டோல்டு த சூப்பர்வைசர்." இலக்கணத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

தம்பி சாரம் ஆடுவதைச் சொன்னது காலை எட்டு மணிக்கு, டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம், முடிந்த கையோடு. பைப் விழுந்தது பதினொன்றரைக்கு. என் வாக்கியத்தில் அந்த மூன்றரை மணி நேரம் காணாமல் போய்விட்டது. படிப்பவருக்கு, அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் பைப் விழுந்த மாதிரி இருக்கும். பாவம், சூப்பர்வைசருக்கு நேரமே இல்லை! ஒருவருக்குக் கணுக்கால் பிசகியதோடு போயிற்று. ஆனால் ஆட்டம் தெரிந்தும் மேலே ஏறியதற்காக எச்சரிக்கைக் கடிதம் தம்பிக்குத்தான் வந்தது.

இந்தச் சிங்கப்பூரில் ஜஸ்ட் நவ் என்றால் காலையிலிருந்து இந்த நிமிடம் வரை எப்போதாகவும் இருக்கலாம். மலாய் மொழியில் சற்று முன்பு என்பதற்கு 'தாடி' (tadi) என்பார்களே, அந்த மாதிரி. எனக்கு அது தெரியாதா? "ஜஸ்ட் நவ் யூ கம், லா" என்று சாப்பாட்டுக் கடை அம்மா சொன்னால், காலையில் வந்ததைச் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே நகர்கிறவன்தான் நான். பேனாவை எடுத்ததும் அந்தக் காது அடைத்துப்போகிறது.

பத்து நிமிடத்தில் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டார்கள், உண்மை. நல்ல ஆங்கிலம் பேசச் சொல்லி 2000-இல் ஓர் இயக்கமே தொடங்கிய ஊர் இது. அவன் எழுதியது அப்படியே மேலே போனால் அவனைத்தான் மட்டமாக நினைப்பார்கள் என்று நினைத்தேன், அதுவும் உண்மை. திருத்திய தாளில் கையெழுத்துப் போட்டதும் அவன்தான். படித்துப் பார்த்துப் போட்டானா என்பது வேறு.

இத்தனைக்கும், அதே தாளில் இன்னொரு இடத்தில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்டில் ஃப்ரைடே சேஞ்ச் கிளாம்ப்" என்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்குமா, வெள்ளிக்கிழமைக்குள்ளயா தம்பி?"

"உள்ளதான்ணே."

அண்டிலை அடித்து பை என்று எழுதினேன். பெருமையாகக்கூட இருந்தது. அங்கே சொல் தப்பாகத் தெரிந்ததால் கேட்டேன். ஜஸ்ட் நவ்வில் எனக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. எத்தனை மணிக்குச் சொன்னாய் என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் "காலையிலேயே" என்றிருப்பான். அந்த ஏகாரம் போதும்.

கேட்டிருந்தால் மட்டும் கடிதம் வந்திருக்காதா? யாருக்குத் தெரியும். மூன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தால் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பார்கள். மேனேஜரிடம் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை கிளம்பினேன். ஃபைல் மூடியாச்சு என்றுதான் சொல்வார் என்று நானே முடிவு செய்து திரும்பிவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் கேன்டீனில் தம்பியிடமே சொன்னேன், அன்றைக்கு நான் எழுதினது சரியில்லைப்பா என்று.

"ஏண்ணே? நானும் ஜஸ்ட்டுன்னுதான எழுதினேன். நீங்களும் அதத்தான எழுதியிருக்கீங்க?"

ஆமாம் என்றேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.