ஒலிக்காத எழுத்தும் நான்கு மதிப்பெண்ணும்

மத்திய அரசு அலுவலகங்களின் எழுத்தர் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. சி.எச்.எஸ்.எல். தேர்வின் இறுதிப் பட்டியலில் என் பதிவெண்ணை நேற்று முன்தினம் பார்த்துவிட்டேன். சென்ற முறை மூன்று மதிப்பெண்ணில் கைநழுவிய தேர்வு இது. இரண்டாம் கட்டத்தில் சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 கழிவு என்பதால், ஒரு வினா பிசகினாலே வித்தியாசம் 4 ஆகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. என்னைக் கீழே தள்ளிய வினா எது என்பதும் எனக்குத் தெரியும்; அது ஆங்கிலப் பகுதியில் வந்தது. ஆகவே கணிதம், பொது அறிவு பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. அவற்றுக்கு வழி சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இடைவெளி நிரப்பும் பத்தி ஒன்றில், பகைவரிடமிருந்து கோட்டையைப் பறிக்கும் இடத்தில், 'ரெஸ்ட்' என்று ஒலிக்கும் இரண்டு சொற்கள் தெரிவுகளாக இருந்தன. ஒன்று ஆர் என்ற எழுத்தில் தொடங்கியது. மற்றொன்றின் முன்னால் ஒரு டபிள்யூ நின்றது. அந்த டபிள்யூவை நம் கண்ணை ஏமாற்ற வைத்த எழுத்துப்பிழை என்று ஒதுக்கிவிட்டு, ஓய்வைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். டபிள்யூவோடு வரும் ரெஸ்டுக்கு 'வலிந்து பறித்தல்' என்று பொருள்.

பிழையின் வேர் என் குறிப்பேட்டில் இருந்தது. தமிழ் வழியில் படித்தவன் என்பதால், கோயம்புத்தூரில் நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் கொடுத்த சொற்கையேட்டை, அதில் இருந்தபடியே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். நிட் என்று எழுதிவைத்தால் அது கம்பளி பின்னுவதா, தலையில் இருக்கும் ஈரா? நைட் என்பது இரவா, குதிரை வீரனா? ராப் என்பது பொதிந்து சுற்றுவதா, கதவைத் தட்டுவதா? ஒலிக்காத எழுத்தைத் தமிழில் எழுத வழியில்லாததால், பொருளைப் பிரித்துக்காட்டும் ஒரே அடையாளத்தை என் கையாலேயே அழித்திருக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு அப்படி அச்சிட்டுக் கொடுத்தவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இரண்டாம் முறை கோத்தகிரியில் வீட்டிலிருந்தே படித்தேன். ஆனி மாதச் சாரலில் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, இடுப்பில் கட்டியிருந்த சாக்கை வாசலில் அவிழ்த்து, ஒரு முனையை வலக்கையிலும் மறு முனையை இடக்கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்கினார். மணிக்கட்டு வழியே நீர் வழிந்து முழங்கை வரை ஓடியது. பிழிவதற்கு ஆங்கிலத்தில் ரிங், மணிக்கட்டுக்கு ரிஸ்ட். இரண்டும் டபிள்யூ, ஆர் எனத் தொடங்குவதை அன்று மாலைதான் கவனித்தேன். அகராதியில் அந்தப் பக்கங்களைத் திறந்தபோது, முறுக்கலும் வளைவும் வரிசையாக வந்தன:

ரெஞ்ச் – திருகி இழுத்தல்
ரைத் – வலியில் துடித்து நெளிதல்
ரிகிள் – புழுப்போல் நெளிதல்
ரிங்கிள் – சுருக்கம்
ரீத் – மலர்வளையம்
ரை – கோணிய (சிரிப்பு, முகம்)

ராங் என்பதற்கும் பழைய பொருள் 'வளைந்தது' என்பதே. நாமும் கோணல் என்ற ஒரே சொல்லால் வளைவையும் பிழையையும் குறிக்கிறோம் அல்லவா? பறித்தலைக் குறிக்கும் ரெஸ்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கையை முறுக்கிப் பிடுங்குவது என்று எண்ணிக்கொண்டால் பிறகு மறக்காது.

அடுத்து, கே, என் (K, N) எனத் தொடங்கும் சொற்கள். நீ என்பது முழங்கால், நக்கிள் என்பது விரல்கணு, நாட் என்பது முடிச்சு, நாப் என்பது கதவின் குமிழ், நோல் என்பது சிறு குன்று. எல்லாம் புடைத்து நிற்பவை. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தேயிலை போர்த்திய நோல் நான்கைந்தாவது தெரியும் என்பதால், இதற்குப் படம் வரைய வேண்டியிருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தக் கேயும் முன்சொன்ன டபிள்யூவும் வாய்விட்டு ஒலிக்கப்பட்டவை. முழங்காலைக் குறிக்கும் சொல்லில் ஜெர்மானியர் இன்றும் கேயை ஒலிக்கிறார்கள். ஜி, என் (G, N) சேர்ந்து தொடங்கும் சில சொற்களில் பல்லின் வேலை: நா என்றால் கொறித்தல், நாஷ் என்றால் பல்லை நறநறவெனக் கடித்தல்.

விதிவிலக்குகள் உண்டு. எழுதுவதைக் குறிக்கும் ரைட், கீறுவது என்ற பொருளிலிருந்து வந்தது; அதில் முறுக்கல் இல்லை. ரென் ஒரு சிறு பறவை. கத்தியும் அறிதலும் கேயில் தொடங்கினாலும் புடைப்பவை அல்ல. தெரியாத சொல்லின் பொருளை இந்த வழியில் ஊகித்து விடையளித்தால் கழிவு மதிப்பெண்தான் மிஞ்சும். இது நினைவில் வைப்பதற்கான வழி மட்டுமே.

நான் செய்தவை: ஒரு நாளுக்கு எட்டுச் சொற்கள், அதற்கு மேல் இல்லை. சொல் ஆங்கில எழுத்தில், பொருள் தமிழில். ஒலிக்காத எழுத்துக்குச் சிவப்பு மை. குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. விடியற்காலைப் படிப்பும் அப்படியே, எங்கள் ஊர்க் குளிரில் போர்வைக்குள் திறந்த புத்தகம் தூக்கத்தில்தான் முடியும். இரவு பத்துக்கு மேல், அடுப்பின் சூடு ஆறுவதற்குள், எட்டுச் சொற்களையும் பாராமல் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.