தங்கச்சியின் இருமல்

பெப்ரவரி 11, கிளிநொச்சி

தைப்பொங்கலுக்கு முன் தொடங்கிய இருமல் இன்னும் நிற்கவில்லை. கொத்தமல்லி, பாணி மருந்து, அன்டிபயோட்டிக் எல்லாம் பார்த்தாயிற்று. பனி, சூடடிக்கிற தூசி என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மாசியில் வன்னியில் யாருக்குத்தான் இருமல் இல்லை? ஆனால் இவளுக்குப் படலை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. வயது 33.

பெப்ரவரி 20

கசமாக (காசநோயாக) இருக்கலாம் என்று சளி எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலைச் சுற்றி நீர் நிற்கிறது. கதிரையில் முன்பக்கம் குனிய வைத்து, முதுகில் ஊசி குத்தி எடுத்தார்கள். பால் விடாத தேத்தண்ணி நிறம். போத்தல் நிறைய நிறைய அவளுக்கு மூச்சு லேசானது. "அக்கா, இப்பதான் சுகமா இருக்கு" என்றாள்.

மார்ச் 6

அந்த நீரிலேயே புற்றுநோய்க் கலங்கள். அடினோகார்சினோமா என்ற நுரையீரல் புற்றுநோய் வகை. புகைக்காதவர்களிடமும் இளம் வயதினரிடமும் கூடுதலாகக் காண்பது இந்த வகைதான் என்றார் டொக்டர். நுரையீரலைச் சுற்றி நீரில் பரவிவிட்டதால் நாலாம் நிலை, அதாவது கடைசி நிலை. சத்திரசிகிச்சை இல்லை.

மார்ச் 9

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வீட்டில் ஆர் சிகரெட் குடிக்கிறது?" ஒருவரும் இல்லை. கேட்கிற ஒவ்வொரு முறையும் அவள் குற்றவாளி போலத் தலையைக் குனிகிறாள். எனக்கு வயிறு எரிகிறது. உலகில் நுரையீரல் புற்றுநோய் வருகிறவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேர் புகைத்தே இராதவர்கள். அம்மா விறகடுப்பைப் பார்த்து அழுகிறா. விறகுப் புகை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருப்பது உண்மைதான். ஆனாலும் இவளுக்கு வந்தது அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவை அந்தக் குற்ற உணர்ச்சியோடு விடக் கூடாது.

மார்ச் 27

கீமோ தொடங்க முன் மரபணுச் சோதனை செய்யச் சொன்னார்கள், மாதிரி கொழும்புக்குப் போயிருக்கிறது. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் மாத்திரை போதும். புகைக்காத ஆசியப் பெண்களிடம் அது அதிகம். ஏஎல்கே என்று இன்னொன்று, அதற்கு வேறு மாத்திரை. காத்திருக்கிற நாட்கள் பொல்லாதவை. இருந்தாலும் இந்தச் சோதனையை விட்டுவிட்டு மருந்து தொடங்கச் சொன்னால், ஏன் சோதிக்கவில்லை என்று இளம் நோயாளியின் வீட்டார் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 8

ஈஜிஎஃப்ஆர் பொசிட்டிவ்! ஜெபிட்டினிப் மாத்திரை, நாளுக்கு ஒன்று.

மே 3

முகமெல்லாம் பரு. வயிற்றோட்டமும் உண்டு. இரண்டும் இந்த மருந்தின் பக்கவிளைவுதான். ஆனால் இருமல் குறைந்துவிட்டது. நேற்று முற்றத்தைத் தானே கூட்டினாள், பாலைப்பழம் வேணும் என்று கேட்டாள். சோறும் கேட்டுச் சாப்பிடுகிறாள்.

மே 19

தெல்லிப்பளை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக். பஸ் ஆனையிறவு தாண்டுமட்டும் நல்ல நித்திரை. இந்த மாத்திரை நோயை அடக்கும், அழிக்காது. பெரும்பாலும் ஒரு வருடமளவில் வேலை செய்யாமல் போகும் என்று டொக்டர் அவளிடமே சொன்னார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதன் காரணம் அதே மரபணுவில் வரும் டி790எம் என்ற புதிய மாற்றம். அதற்கு ஒசிமெர்ட்டினிப் என்ற வேறு மாத்திரை இருக்கிறது. விலை எவ்வளவு, இலவசமாகக் கிடைக்குமா, மறுபடி சோதனை எங்கே செய்வது: அடுத்த கிளினிக்கில் கேட்க மூன்றையும் அவளே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.