எடை என்று எழுதினேன்

தேயிலை பறிக்கும் பெண்களுக்கு நான் நடத்திய ஒரு பயிற்சியில், சுவரில் ஒட்டிய சார்ட் தாளில் 'கூலி' என்று எழுதியிருக்க வேண்டுமா, 'எடை' என்று எழுதியதே போதுமா என்பதை இரண்டு ஆண்டுகளாகியும் என்னால் முடிவு செய்ய இயலவில்லை. ஒரு சொல்லுக்காக இவ்வளவு யோசனையா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் பங்கேற்பாளர் எந்தச் சொல்லில் பேசினாரோ அந்தச் சொல்லையே சார்ட்டில் ஏற்ற வேண்டும், நம் சொல்லாக மாற்றக்கூடாது என்பது எனக்கு முதன்முதலில் கற்றுத்தரப்பட்ட விதி. அதையே நான் பலருக்கும் கற்றுக்கொடுத்தும் இருக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் நடந்த பயிற்சி அது. மே மாத மழைக்குப் பிறகு செடிகளில் கொழுந்து பொங்கி வரும் காலம். பறிக்க ஆள் போதாமல் பறிப்புச் சுற்று தள்ளிப்போகும். பத்து நாளில் எடுக்க வேண்டியதைப் பதினைந்து நாள் கழித்து எடுத்தால் மூன்றாம் இலையும் நான்காம் இலையும் முற்றிவிடும். ஃபேக்டரியில் தூளாக்குவதற்கு முன் வாட வைக்கும்போது இலை சரியாக வாடாது, தூளில் நாரும் குச்சியும் மிகும். இதைத்தான் சிறு விவசாயிகளின் தோட்டங்களில் கிலோ கணக்கில் பறிக்கும் பெண்களுக்குச் சொல்லும்படி, அவர்களது இலையை வாங்கும் ஃபேக்டரி ஒன்று என்னை அழைத்திருந்தது.

முன்பெல்லாம் நான் புரொஜெக்டரில் படம் காட்டி இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சரிவில் நின்று பறித்துவிட்டு வந்தவர்களை இருட்டறையில் உட்கார வைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. தூங்கியவர்கள் மீது எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை, என் மீதுதான் வந்தது. பிறகு முறையை மாற்றினேன். குழுவுக்கு ஒரு கிலோ பச்சைத் தேயிலை, கீழே விரிக்கச் செய்தித்தாள், நடுவில் ஒரு மேசைத் தராசு. இரண்டு இலை ஒரு கொழுந்து ஒரு பக்கம், முற்றியது மறுபக்கம். சந்தேகமிருந்தால் காம்பை வளைத்துப் பார்க்க வேண்டும். பட்டென்று ஒடிந்தால் இளசு, நாராக வளைந்து நின்றால் முற்றல். பிரித்ததை அவர்களே எடைபோட்டு, நூற்றுக்கு எத்தனை என்று அவர்களே சொல்ல வேண்டும். முதல் முறை செய்தபோதே கூடத்தில் சிரிப்பும் சண்டையும் எழுந்தன. அந்தச் சத்தத்துக்கு நான் பழகிவிட்டேன். சற்று அடிமையாகிவிட்டேன் என்றும் சொல்லலாம்.

அன்றும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது குழுவின் தட்டில் நல்ல இலை 380 கிராம் மட்டுமே நின்றது. அந்த இலை யாருடைய பையிலிருந்து வந்தது என்று யாரோ சொல்லிவிட, எல்லோரும் சிரித்தார்கள். பைக்குரியவர் அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்றோடு, சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர். பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அவிழ்க்காமலேயே உட்கார்ந்திருந்தார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் ஓர் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"கிலோவுக்குத்தானே சார் கூலி. ரெண்டு இலையும் ஒரு கொழுந்துமா பார்த்துப் பார்த்து எடுத்தா, சாயங்காலம் என் பையில என்ன சார் நிக்கும்?"

சிரிப்பு அடங்கிவிட்டது. கடைசி வரிசையில் ஃபேக்டரியின் கள அலுவலர் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன்: "நல்ல விஷயம் சொன்னீங்க அக்கா. எழுதி வெச்சுக்கறேன், கடைசியில பேசலாம்."

சுவரில் 'பிறகு பேசுவோம்' என்று தலைப்பிட்ட சார்ட் ஒட்டியிருந்தது. பேச்சு தடம் மாறினால் கேள்வியை அதில் ஏற்றிவிட்டு மேலே செல்வது எங்கள் தொழிலில் சாதாரணம். 'பார்க்கிங் லாட்' என்பார்கள். கேட்டவருக்கு மதிப்பும் கிடைக்கும், நேரமும் வீணாகாது என்று சொல்லித்தருவார்கள். நான் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் 'எடை' என்று எழுதினேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். "எடைன்னு போட்டிருக்கார்" என்றாள் அவள். "எடையா?" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். பிறகு அவர் பேசவில்லை.

ஏன் அந்தச் சொல்லை எழுதினேன் என்பதற்கு எனக்குள் பல பதில்கள் இருக்கின்றன. தராசு கண்முன்னே இருந்தது. அவரும் பையில் என்ன நிற்கும் என்றுதான் கேட்டார். எடை என்பது தவறான சொல் அல்ல. கள அலுவலருக்குப் பயந்து மாற்றினேன் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை, ஏனெனில் எழுதிய கணத்தில் அப்படி எந்த எண்ணமும் வந்ததாக நினைவில்லை. வராமலே கை மாற்றி எழுதியிருந்தால் அது இன்னும் மோசம் என்பதும் புரிகிறது.

கூலி என் கையில் இல்லை என்பதும் உண்மை. பறிப்பவருக்குக் கூலி கொடுப்பவர் தோட்டக்காரர். ஃபேக்டரி அவருக்குப் பச்சைத் தேயிலை விலை கொடுக்கிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையே ஒரு சராசரிதான். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைத் தேயிலை ஒரு கிலோ தூளாகிறது. தரம் உயர்ந்து அந்தத் தூளுக்குக் குன்னூர் ஏலத்தில் இரண்டு ரூபாய் கூடினாலும் அது சரிவில் நிற்கும் கைவரைக்கும் வந்துசேரும் வழி எதையும் நான் கண்டதில்லை. இதை இரண்டு மணி நேரப் பயிற்சியில் எப்படித் தீர்ப்பது? தீர்க்க முடியாத ஒன்றைப் பேசவிட்டு, மனக்குறையோடு அனுப்புவது மட்டும் நியாயமா?

இப்படி வாதிட்டு முடிக்கும்போதெல்லாம் நான் படித்ததே எனக்கு எதிராக நிற்கிறது. வயதுவந்தோர் கல்வி பற்றி அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் வலியுறுத்தியவற்றை என் பயிற்சிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்: வளர்ந்தவர்கள் தம் அனுபவத்தோடு வருகிறார்கள், தம் வாழ்க்கைச் சிக்கலுக்கு உதவாததை அவர்கள் கற்க மாட்டார்கள். பிரேசிலில் பாவுலோ ஃப்ரெய்ரே 1963ஆம் ஆண்டில் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு கற்பித்தபோது, அவர்களது வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுத்து, அவற்றைப் பற்றிப் பேசவைத்துத்தான் எழுத்துக்குப் போனார். நம் அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டர்களிடமும் அந்தத் தடம் இருந்தது. அங்கிகோஸில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தால் 'கூலி' என்பதே அன்றைய பாடமாகியிருக்கும். ஐம்பது ஆண்டுகளாகச் செடியோடு நிற்பவர் தன் அனுபவம் முழுவதையும் ஒரே கேள்வியாகக் கொண்டுவந்து வைத்தார்; பங்கேற்பு, பங்கேற்பு என்று சொல்லிக்கொண்டிருந்த நான் அதைச் சுவரில் ஒட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த விடைக்கு அவர்கள் வந்துசேரும்வரைதான் என் தராசு விளையாட்டில் அவர்களுக்கு இடம் இருந்ததோ என்றும் தோன்றுகிறது. ஆனால் அப்படிச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. காம்பை ஒடித்துப் பார்க்கும்போது அவர்களில் பலர் உண்மையாகவே மகிழ்ந்தார்கள்.

கடைசியில் அதைப் பேசவில்லை. எடைபோடுவது நீண்டுவிட்டது, கட்டபெட்டு வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நான்கைந்து பேர் எழுந்துவிட்டார்கள். போகும்போது சிரித்த முகம், சாதாரண முகம், வாடிய முகம் வரைந்த மூன்று டப்பாக்களில் ஒன்றில் தேயிலை விதை போடச் சொன்னேன். அந்த அம்மாவும் சிரித்த முகத்தில்தான் போட்டார், நான் பார்த்தேன். அதைச் சில மாதங்கள் எனக்கான சாட்சியாக வைத்துக்கொண்டிருந்தேன். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எந்த டப்பாவில்தான் போட்டிருப்பார் என்ற கேள்வி பிறகுதான் வந்தது. அறிக்கையில் 'பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று எழுதினேன், பொய்யில்லை.

அடுத்த ஆண்டு வேறோர் ஊரில், அதே மே மாதத்தில், இந்த உறுத்தலோடு போய், தொடங்கும்போதே கூலியைப் பற்றிக் கேட்டேன். 'கூலி' என்று பெரிதாக எழுதியும் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். தோட்டக்காரர்கள் இருவர் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் பறிப்பவர்களுக்கும் வாக்குவாதம் முற்றி, ஒரு பெண் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அந்த ஃபேக்டரி என்னை மறுபடி அழைக்கவில்லை. அன்று யாரும் தூங்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

பிரித்துப் பார்ப்பதற்காகக் காலையில் கொண்டுவந்த இலை மூட்டை அவிழ்க்கப்படாமலே மூலையில் கிடந்தது. எல்லோரும் போன பிறகு அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். நடுவில் சூடேறி, இலை சிவந்து போயிருந்தது. இதை யாரும் வாங்க மாட்டார்கள் சார் என்றார் வேன் ஓட்டுநர். பின்பக்கத்துச் சரிவில் கொட்டிவிட்டு வந்தோம்.