விருந்தினருக்காகச் சுட்ட பன்றிக்கறி

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குமரி மாவட்டத்துத் தக்கலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு 8 பேர் விருந்துக்கு வந்தனர். வழக்கமாகத் தேங்காய்க்கொத்தும் நல்லமிளகும் (குறுமிளகு) சேர்த்து வறுக்கும் பன்றிக்கறிக்குப் பதிலாக, இம்முறை தோலுடன் கூடிய 3 கிலோ தோள்பகுதியை முழுத்துண்டாகவே ஓவனில் சுட்டேன்.

இதில் பெருங்கவனம் தோலுக்கே உரியது. ஈரம் இருக்கும்வரை தோல் பொரியாது என்பதால், இறைச்சியைத் தொடாமல் கொழுப்பு வரை மட்டும் கத்தியால் கீறி, உப்பைத் தேய்த்து, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்திருந்தேன். பூண்டு, நல்லமிளகு, பெருஞ்சீரகம் அரைத்த விழுதை அடிப்பகுதியில் மட்டுமே பூசினேன். தோலில் பட்டால் அது கருகிவிடும். 160 டிகிரியில் 3 மணி நேரம் மெதுவாக வெந்தபின், 230 டிகிரிக்கு உயர்த்தி 20 நிமிடம் வைத்தபோது தோல் குமிழ்விட்டுப் பொரிந்தது. சாறு இறைச்சியிலேயே தங்க வேண்டும் என்பதற்காக, மேலும் 20 நிமிடம் கழித்தே வெட்டினேன்.

தட்டில் உருகியிருந்த கொழுப்பில் சிறுகிழங்கை வறுத்தேன். மரச்சீனி எனும் மரவள்ளிக்கிழங்கு இல்லாமல் எங்கள் ஊரில் பன்றிக்கறி விருந்து நிறைவடையாது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்குவித்துப் பரவிய பயிர் அது. கிழங்கை வேகவைத்து, நீரை வடித்து, தேங்காய், சீரகம், காந்தாரி மிளகாய் அரைத்துச் சேர்த்து மசித்தேன். கொழுப்பின் திகட்டலை மாற்ற, வினிகரில் ஊறிய சின்ன வெங்காயமே போதுமானதாக இருந்தது. இறுதியில் மட்டி வாழைப்பழம் பரிமாறினோம்.